விரலுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்

சன்மைக்கா ஒட்டிய மேசையில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, நகம் படாமல் விரல் நுனியால் எடுக்கப் பாருங்கள். காசு வழுக்கிக்கொண்டே போகும். கடைசியில் மேசை விளிம்புவரை தள்ளிப்போய்த்தான் கைக்குள் விழவைக்க வேண்டியிருக்கும். அதே காசைக் கொஞ்சம் தடிமனான மவுஸ் பேட் மேல் வைத்தால் கதையே வேறு. ஓரத்தில் விரல் அழுந்தியதும் எதிர் ஓரம் எழும்பும். கட்டைவிரல் அடியில் நுழைய இடம் கிடைத்துவிடும்.

பார்ப்பவருக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, சீட்டும் காசும் பந்தும் வைத்து வித்தை காட்டுபவர்களுக்கு இந்த வேறுபாடுதான் பிழைப்பு. மேடை மேஜிக்கில் பெட்டி உண்டு, புகை உண்டு, வண்ண விளக்கு உண்டு. குளோஸ்-அப் மேஜிக்கில் இருப்பதெல்லாம் இரண்டு கைகளும் அவற்றுக்கு அடியில் ஒரு விரிப்பும்தான். குளோஸ்-அப் பேட் என்று விற்கப்படும் அந்த விரிப்பு, வெளிநாட்டு நிறுவனப் பெயரோடு வந்தால், அதன் விலைக்குச் சென்னை ரிச்சி தெருவில் நல்ல மவுஸ் பேட் பலவற்றை வாங்கிவிடலாம். அந்த விலையில் சரக்கு எவ்வளவு, பெயர் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பேட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே துணி, கீழே நுரைத்த ரப்பர், நடுவே பசை. இதைப் பேச வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று நீளும் இந்தப் பட்டையில் ரப்பரும் உருவானது, ஃபோமுக்கான ரசாயனமும் உருவாகிறது. அவற்றை அரித்துத் தின்னும் உப்புக்காற்றும் இங்கேதான் வீசுகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு கட்டுச் சீட்டின் எடை சுமார் 95 கிராம். ஒரு சீட்டின் நீளம் 88 மில்லிமீட்டர், அகலம் 63 மில்லிமீட்டர். மொத்தக் கட்டும் பேட் மீது செலுத்தும் அழுத்தம் 170 பாஸ்கலுக்குள் அடங்கிவிடும். ஒரு பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், குறுக்களவு 27 மில்லிமீட்டர். அது தரும் அழுத்தமும் 130 பாஸ்கல் அளவுதான். இப்போது விரலுக்கு வருவோம். விரல் நுனியில் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு படுகிறது. 200 கிராம் எடைக்குச் சமமாக, அதாவது மெல்லத்தான் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொண்டாலும், அழுத்தம் 20,000 பாஸ்கலைத் தொட்டுவிடும். சீட்டுக்கட்டைவிட நூறு மடங்குக்கும் மேல்.

பேட்டின் சூட்சுமம் முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது. சீட்டுக்கும் காசுக்கும் அது கல்தரையைப் போல அசையாமல் இருக்க வேண்டும். விரலுக்கு மட்டும் இளக வேண்டும். நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரின், மூடிய அறைகள் கொண்ட மென்மையான நுரை நான்கில் ஒரு பங்கு அமுங்க 14,000 முதல் 35,000 பாஸ்கல் வரை தேவை. விரலின் அழுத்தம் இந்த வீச்சுக்குள்தான் விழுகிறது. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பேட் என்றால் விரலுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பள்ளம் விழும். ஒரு சீட்டின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். மூன்று சீட்டுக்கு மேல் ஆழமுள்ள பள்ளம் கிடைத்துவிட்டால் எந்தச் சீட்டின் ஓரத்தையும் தடவித் தேடாமல் எடுக்கலாம். 2 மில்லிமீட்டர் பேட்டில் இந்தப் பள்ளம் பாதியாகிவிடும், விரல் தடுமாறும். தடிமன் கூடக்கூட நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சு சில ஆயிரம் பாஸ்கலுக்கே படுத்துவிடும். அதன்மேல் சீட்டை எடுக்கப் போனால் கையே புதைந்துபோகும், பக்கத்தில் இருக்கும் காசும் சரிந்து வரும்.

உராய்வு விஷயம் இதைவிட நுட்பமானது. சீட்டுக்கட்டை ஒரே இழுப்பில் நீளமாக விரித்துக் காட்டுவதைச் சினிமாவிலாவது பார்த்திருப்போம். அது நடக்க வேண்டுமானால் அடிச்சீட்டு இருந்த இடத்திலேயே இருக்க, மேலுள்ளவை ஒவ்வொன்றாக நழுவ வேண்டும். அதாவது சீட்டுக்கும் துணிக்கும் இடையிலான உராய்வு, சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையிலான உராய்வைவிட அதிகமாக இருக்க வேண்டும். சன்மைக்காவில் இது தலைகீழ். அடிச்சீட்டுதான் முதலில் வழுக்கும், கட்டு முழுவதும் ஒன்றாக நகர்ந்துவிடும். டர்க்கி டவலில் வேறு தொல்லை: அதன் நூல் வளையங்களில் சீட்டின் ஓரம் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, நெருக்கமாகப் பின்னப்பட்டுக் குட்டையான மயிர்ப்பரப்புள்ள துணி வேண்டும்.

வடசென்னைக்காரர்களுக்கு உராய்வைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தெருமுனை கேரம் கிளப்புகளில் அவர்கள் படித்தது அதுதானே? புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பினார். கேரம் போர்டில் தூவும் போரிக் அமிலப் பவுடரின் படிகங்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டவை. ஒரு தட்டு இன்னொன்றின்மேல் எளிதாக நழுவும், அதனால் ஸ்டிரைக்கர் பறக்கிறது. குளோஸ்-அப் பேட் விரும்புவது இதற்கு நேர் எதிரானதை. ஆனால் மேஜிக்காரர்களிடமும் ஒரு பவுடர் உண்டு. சீட்டை விசிறிபோல விரிக்க, சீட்டுகளின்மேல் ஜிங்க் ஸ்டியரேட் பூசும் பழக்கம் மேடைக் கலைஞர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. ரப்பர் தொழிற்சாலைகளில் ஷீட்டும் ஷீட்டும் ஒட்டாமலிருக்கத் தூவுவதும் அதே பொருள்தான். பவுடரைச் சீட்டில்தான் பூச வேண்டும், பேட்டில் சிந்தவிடக் கூடாது. சிந்தினால் பேட் பிடிப்பை இழந்து கேரம் போர்டாகிவிடும்.

நம் ஊர் வித்தைக்காரர்கள் பேட் என்ற ஒன்றைத் தேடிப் போனதில்லை. செப்பிடு வித்தை காட்டியவர்கள் மண்ணிலோ மணலிலோ துணி விரித்து அதன்முன் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். மேலே துணி, கீழே இளகும் மணல். இரண்டு அடுக்குப் பேட் அங்கே இயற்கையாகவே அமைந்துவிட்டது. 1810களில் லண்டன் மேடைகளை அசத்திய ராமோ சாமி இந்த மரபில் வந்தவர். இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1821இல் நூலாக்கம் பெற்றது. கேரளத்தில் செப்பும் பந்தும் வித்தைக்குப் பெயர்பெற்றிருந்தவர் வாழக்குந்நம் நீலகண்டன் நம்பூதிரி. ஐரோப்பிய வரவேற்பறையின் மரமேசைக்கு இந்த வித்தைகள் ஏறியபோதுதான் மணல் செய்த வேலையைச் செய்ய வேறொன்று தேவைப்பட்டது.

அந்த வேறொன்று ரப்பர். 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயர்களுக்கு மேலோடு போடும் ரப்பருக்கு மாறினார்; 1961இல் டயரே வந்தது. எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்தின் தொடக்கம் இதுதான். பலூனிலிருந்து டயருக்குப் போன அந்தப் பாதையில் ரப்பர் வேதியியலின் முக்கியமான சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ரப்பர் மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் நீண்ட மூலக்கூறில் கார்பன் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. ரப்பரின் துள்ளலுக்கு அவை வேண்டும். கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்யவும் அவைதான் பிடிமானம். ஆனால் காற்றிலுள்ள ஓசோனுக்கும் அவைதான் இரை. இழுபட்டு நிற்கும் இடத்தில் ஓசோன் ஒவ்வொரு பிணைப்பாக வெட்டும், மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். டயர் தயாரிப்பவர்கள் இதைத் தடுக்கவே தனி ரசாயனம் சேர்க்கிறார்கள். பழைய டயரின் பக்கவாட்டில் தெரியும் பழுப்பு, அந்த ரசாயனம் மெல்ல மேலே கசிந்து வந்ததன் அடையாளம்.

மலிவான மவுஸ் பேட்டுக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. அதை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தால் மடிப்பின் வெளிப்புறம் இழுபட்டே கிடக்கும். சில மாதத்தில் சரியாக அந்தக் கோட்டில் வெடிக்கும். பேட்டை ஒருபோதும் மடிக்கக் கூடாது, துணிப்பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

நியோப்ரீன் இந்த இடத்தில்தான் காசுக்கு மதிப்புத் தருகிறது. 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நடத்திய ஆய்வுக்குழுவில் ஆர்னால்டு காலின்ஸ் இதைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. இதன் மூலக்கூறிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆனால் பக்கத்தில் ஒரு குளோரின் அணு உட்கார்ந்து எலெக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால் ஓசோனின் பல் அங்கே எளிதில் இறங்காது. எண்ணெய்க்கும் வெயிலுக்கும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

கடைக்காரர் நியோப்ரீன் என்று சொல்லும் எல்லாமே நியோப்ரீன் அல்ல. பெரும்பாலான மவுஸ் பேட்டுகள் எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரில் செய்யப்பட்டவை, அல்லது இரண்டும் கலந்தவை. கண்டுபிடிக்க ஒரு பழைய பள்ளிக்கூடச் சோதனை இருக்கிறது. செப்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பேட்டின் அடிப்பாகத்தில் சீவியெடுத்த சிறு துணுக்கில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும் பட்சத்தில் சுடர் பச்சையாகும். பி.வி.சி.யும் பச்சை காட்டும் என்பதால் இது முழுச் சான்று ஆகாது; புகை கெட்டது என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எஸ்.பி.ஆர். என்று தெரிந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. விரலுக்குக் கீழே அது தரும் பள்ளத்தில் குறையொன்றும் இருக்காது. ஆயுள்தான் குறைவு. அந்த விலைக்கு அது நியாயமே.

மணலிக்குப் போனால் வேறொரு நுரை. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கிடைக்கும் புரொப்பிலீனை வைத்து, பக்கத்திலேயே இருக்கும் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் புரொப்பிலீன் ஆக்சைடும் அதிலிருந்து பாலியாலும் தயாரிக்கிறது. பாலியாலோடு ஐசோசயனேட்டும் சிறிது தண்ணீரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி பாலியூரித்தேன் நுரையாகும். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் தொடங்கிவைத்த வேதியியல் இது. மெத்தை, கார் இருக்கை எல்லாம் இந்த நுரைதான். மேஜிக்காரர் உள்ளங்கையில் ஒன்றாகப் போய் இரண்டாக வரும் சிவப்பு ஸ்பாஞ்சு பந்தும் இதுதான். அந்தப் பந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு காற்று. அறைகள் திறந்திருப்பதால் பிடித்தால் காற்று வெளியேறும், விட்டால் உள்ளே வரும். பந்துக்கு அது வரம். பேட்டின் அடிப்பாகத்துக்கு அதே குணம் சாபம், ஏனென்றால் காற்று போகும் வழியாக வியர்வையும் ஈரமும் உள்ளே போய்த் தங்கிவிடும்.

ஈரம் தங்கினால் என்ன நடக்கும் என்பது நுரையின் வகையைப் பொறுத்தது. பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனில் உள்ள எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் மெல்ல அறுக்கும். போடாமல் பரணில் கிடந்த காலணியின் அடிப்பாகம் ஒருநாள் எடுத்ததும் உதிர்ந்து கொட்டுவது இதனால்தான். மணலியில் தயாராவது போன்ற பாலியீதர் வகையில் அந்த எஸ்டர் பிணைப்பு இல்லை. ஈரக்காற்றில் நெடுநாள் நிற்கும். ஸ்பாஞ்சு பந்தைக் கடையில் பார்த்து வகை சொல்ல முடியாது. வாங்கிவைத்ததில் விரலில் பிசுபிசுப்போ தூளோ ஒட்ட ஆரம்பித்தால், தண்ணீர் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் துணி எப்போதும் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருப்பதைக் குடியிருப்பவர்கள் அறிவார்கள். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உப்பாகக் காற்றில் மிதந்து வந்து படிகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான அதிகாலைகளில் ஈரப்பதம் முதல் எல்லையைத் தாண்டிவிடும். இரண்டாவது எல்லைக்குக் கீழே அது இறங்குவதே அபூர்வம். ஆகவே உப்பு ஏறிய துணி எத்தனை நேரம் உலர்த்தினாலும் முழுதாகக் காயாது. அந்தத் துணியின் மேல் காகிதச் சீட்டுக்கட்டை ஓர் இரவு வைத்தால் அடிச்சீட்டின் கீழ்ப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து நீளும், ஓரங்கள் மேலே வளையும். மறுநாள் அந்த ஒரு சீட்டு மட்டும் கட்டுக்குள் தனித்துத் தெரியும். வித்தை காட்டுபவருக்கு இதைவிட ஆபத்து வேண்டுமா? உப்பு ஏறிய துணியை வெயிலில் போட்டுச் சரிசெய்ய முடியாது. குழாய்த் தண்ணீரில் அலசி உப்பைக் கரைத்து வெளியேற்றிவிட்டு, பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். பேட் வாங்கும்போதே அலசினால் தாங்குமா என்று பார்ப்பது அதனால் இந்தப் பகுதியில் கூடுதல் அவசியம். கம்பளி ஃபெல்ட் இங்கே தோற்கிறது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு இடம் தரும். பாலியெஸ்டர் துணி தண்ணீரை இழைக்குள் அவ்வளவாக விடுவதில்லை.

ஈரக்காற்றில் ஒரு நன்மையும் உண்டு. வறண்ட ஊர்களில் செயற்கைத் துணிமேல் பிளாஸ்டிக் சீட்டைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, சீட்டோடு சீட்டு ஒட்டிக்கொள்ளும். கடலோரத்தில் மின்னூட்டம் ஈரத்தின் வழியே கசிந்து போய்விடுவதால் அந்தத் தொல்லை குறைவு.

எண்ணூர்ப் பக்கம் உப்போடு சாம்பலும் சேர்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் நிலக்கரி எரிக்கிறது. பறக்கும் சாம்பல் என்பது சிலிக்காவும் அலுமினாவும் உருகி உறைந்த கண்ணாடித் துகள்கள். வெல்வெட்டைப் போன்ற நீண்ட மயிர்ப்பரப்பில் இவை இறங்கினால் லேசில் வெளியே வராது. அதன்மேல் விரிக்கும் சீட்டின் மேற்பூச்சு தேயத் தொடங்கும். வெல்வெட் பார்க்க ராஜகம்பீரமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்குக் காசு கொடுப்பது வீண் என்றே சொல்ல வேண்டும். அடிப்பக்க ரப்பரும் தூசி படிந்தால் மேசையில் பிடிப்பை விட்டுவிடும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும், பிடிப்பு திரும்பிவிடும்.

சத்தத்தையும் மறந்துவிடக் கூடாது. ஒரு காசு கல்மேசையில் விழும்போது மோதல் ஒரு மில்லிவினாடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் கூர்மையான தட்டல் காசுக்குள் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மணியோசையைக் கிளப்பும். நுரையில் விழுந்தால் தொடுகை நேரம் பல மடங்கு நீளும். காசு ஒலிக்கத் தேவையான திடீர் உதை கிடைப்பதில்லை, மந்தமாகப் 'பொத்' என்று விழும். ஒரு காசு மட்டும் இருப்பதாகக் காட்டும் கையில் இரண்டு இருப்பது காதுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக, கடையில் பேட்டைக் கையில் எடுத்தால் கண்ணைவிட விரலை நம்புவது நல்லது. மெல்ல அழுத்திப் பார்த்து, கையெடுத்ததும் பள்ளம் உடனே நிரம்புகிறதா என்று கவனிக்க வேண்டும். சோம்பலாக எழும் நுரை சில மாதத்தில் நிரந்தரமாக அமுங்கிவிடும். கையோடு ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம். ஒரு மூலையைத் திருகினால் துணி ரப்பரைவிட்டுச் சுருங்கி எழும்புகிறது என்றால் பசை மோசம். உப்பு ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம் பிரியும். படம் அச்சடித்த கேமிங் பேட்டில் மை ஏறிய பரப்பு சில சமயம் மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருக்கும், சீட்டு அங்கே வேறுவிதமாக ஓடும். ஒற்றை நிறமே நல்லது. சிவப்புப் பந்துக்குக் கறுப்போ கரும்பச்சையோ எடுப்பாக இருக்கும், ஆனால் திறந்தவெளி நிகழ்ச்சியில் கறுப்பு வெயிலைக் குடித்துச் சூடேறும்.

அளவில்தான் சிக்கனத்தின் உண்மையான வாய்ப்பு இருக்கிறது. மேஜிக் கடைகளில் பெரிய பேட் பொதுவாக 16க்கு 23 அங்குலம், சிறியது 11க்கு 16 அங்குலம். மேசை முழுவதும் விரிக்கும் கேமிங் பேட் பொதுவாக 900க்கு 400 மில்லிமீட்டரில், 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கிறது. அதில் 584 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டினால் பெரிய பேட்டின் அளவு ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். மிச்சமிருக்கும் 316 மில்லிமீட்டர் துண்டு, அகலத்தில் சிறிய பேட்டைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் கூடுதல். ஒன்று நிகழ்ச்சிக்கு, மற்றது வீட்டுப் பயிற்சிக்கு. இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடால், ரப்பர் பக்கத்திலிருந்து ஒரே திசையில் இழுத்து வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் நுரையை நசுக்கி ஓரத்தை அலையாக்கிவிடும். வெட்டிய பக்கத்தில் தையல் இருக்காது என்பதால் நூல் பிரியாமலிருக்கச் செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் மஞ்சள் பசையை மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அந்தப் பசையும் பெரும்பாலும் கரைப்பானில் கரைத்த நியோப்ரீன்தான். பூசிப் பத்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் ஓரத்தை அழுத்திவிட வேண்டும்.